இருபதாவது ஆள்

பிரகாசு,

நலம் விசாரித்துக் கடிதம் தொடங்க நீ ஒன்றும் சீமையில் இல்லை. ராயபுரத்தில் பஸ் ஏறினால் காலடிப்பேட்டையில் உன் அறைக்குப் பக்கத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். நேற்று மத்தியானம்கூட நீ என் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டியதுதான். வாய் வரவில்லை. உன் அம்மா மூன்றாவது தடவையாகச் சோற்றுப் பானையோடு வந்து நின்றாள். உன் தங்கை, நீ கட்டிக்கொள்ளப் போகிற ஸ்டெல்லாவுக்கு எந்த நிறத்தில் கல்யாணப் புடவை என்று பேசிக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு மீன் முள்ளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நீ பஸ் ஏறிப் போன பிறகு எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இன்று எனக்கு இரண்டாவது ஷிப்டு. காலை முழுக்க நேரம் இருக்கிறது. எழுதிவிடுகிறேன். என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, பயத்தில்தான்.

நேற்று மாதா கோயிலில் உன் கல்யாண ஓலையை இரண்டாவது ஞாயிறாக வாசித்தார்கள். இவர்கள் திருமணத்துக்குத் தடை எதுவும் தெரிந்தவர்கள் சொல்லிவிட வேண்டும் என்று சாமியார் படித்தபோது, யாராவது எழுந்துவிடுவார்களோ என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் எழவில்லை. எழுவதற்கு என்ன இருக்கிறது, தங்கமான பெண், நல்ல குடும்பம். ஆனால் வீட்டுக்கு வந்து நீ சாப்பிட்டுக்கொண்டே சொன்னாயே ஒரு சேதி, அதைக் கேட்டதும் தடை சொல்லவேண்டியவன் நான்தான் என்று ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு இல்லை. நீ அந்தப் பட்டறையில் பார்க்கிற கிளார்க் வேலைக்கு.

நீ என்ன சொன்னாய் என்று உனக்கே ஞாபகம் இருக்காது. அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். "பத்தொம்போது ஆளுக்கு மேல போவக்கூடாதுன்றாரு மொதலாளி. நெட்டுக்குப்பத்து ஆளுங்க ரெண்டு பேர ஆள் கணக்கு மஸ்டர் புக்குல ஏத்தவே இல்ல. இன்ஸ்பெக்டரு வந்தா பின்னாண்ட கடக்கரைக்கு அனுப்பிடணும். அவ்ளோதான் நைனா, இன்னா பெரிய வேலை." சொல்லிவிட்டுச் சிரித்தாய். இந்த வாரம் செவ்வாயோ புதனோ இன்ஷூரன்ஸ் இன்ஸ்பெக்டர் வரலாம் என்றும் சொன்னாய். நான் உன்னைப் பார்க்கவில்லை. உன் தாய்மாமன் சவரியைத்தான் பார்த்தேன். அவன் பாதிச் சோற்றோடு எழுந்து குழாயடிக்குப் போனான். இருக்கிற ஒரு கையைக் கழுவ எவ்வளவு நேரமாகும்? நீ வெற்றிலை போட்டு முடிக்கிற வரைக்கும் கழுவிக்கொண்டே நின்றான். நீ கவனிக்கவில்லை. உன்மேல் குற்றம் இல்லை. கவனிக்கவேண்டிய காரணமே உனக்குத் தெரியாமல் வளர்த்துவிட்டோம்.

மாமா கை ஹார்பரில் கிரேன் சங்கிலியில் மாட்டியது என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறோம். நீ பள்ளிக்கூடத்தில் அதைப் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அது பொய். சவரி ஒரு நாளும் ஹார்பரில் வேலை பார்த்ததில்லை. அவன் கை போனது என் கண்ணெதிரில், என்னால்.

நீ மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். உன் தங்கை அம்மா வயிற்றில். நான் அப்போது திருவொற்றியூரில் கடலோரம் இருந்த ஒரு பிரஸ் பட்டறையில் மேஸ்திரி. தகர டப்பாவுக்கு மூடி அடிக்கிற வேலை. கரண்டில் ஓடுகிற பிரஸ், காலால் பெடலை மிதித்தால் மேலேயிருந்து அச்சு இறங்கி மூடியை வெட்டும். மிதிப்பதற்கு முன்னால் கையை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அந்த வேலையின் வித்தை. தொழிலாளர் இன்ஷூரன்ஸ் நம் பக்கத்துக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. கரண்டில் ஓடுகிற பட்டறையில் இருபது பேர் இருந்தால் கட்டாயம் சேர வேண்டும். முதலாளி ஒரு பங்கு கட்ட வேண்டும், நம் சம்பளத்தில் ஒரு சின்னப் பங்கு பிடிப்பார்கள். பத்தொன்பது பேர் என்றால் ஒன்றும் இல்லை. நீயே யோசித்துப் பார். இருபதாவது ஆள் ஒருவனை மறைத்துவிட்டால் அந்த ஒருவனுக்கு மட்டுமா மிச்சம்? இருபது பேருக்கும் கட்ட வேண்டாம். முதலாளிமார் மூளை அங்கேதான் வேலை செய்தது. எங்கள் முதலாளி கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக்குக் கேக் அனுப்புகிறவர். ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் அவருக்கு அப்பனும் கிடையாது, பிள்ளையும் கிடையாது.

இதில் முதலாளியை மட்டும் திட்டி நான் தப்பிக்க முடியாது. எங்களுக்கும் அது பிடித்திருந்தது. சம்பளத்தில் பிடித்தம் இல்லை என்றதும் எல்லோர் முகத்திலும் சந்தோஷம். நேற்று நீ கேட்டாயே, "அந்த இன்சூரன்சு டிஸ்பென்சரில இன்னா குடுக்குறான், செவப்புத் தண்ணி, அதுக்கு எதுக்கு காசு புடிக்கணும்" என்று, அதே வார்த்தையை நான் அப்போது சொல்லியிருக்கிறேன். இன்ஸ்பெக்டர் வந்தால் ஆள் மறைவதற்கு வழி கண்டுபிடித்ததும் நான்தான். பட்டறை வாசலில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டேன். தெருமுனையில் இன்ஸ்பெக்டர் தலை தெரிந்தால் மூன்று தட்டு. உடனே புத்தகத்தில் இல்லாத ஆள் பிரஸ்ஸை விட்டு இறங்கிப் பின்பக்கமாகக் கடற்கரைக்குப் போய், காயப்போட்டிருக்கிற வலை பக்கத்தில் உட்கார்ந்து வலை பின்னுகிறவன்போல ஊசியைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். மீன்பிடிக் குப்பத்து ஆட்கள்தானே நாமெல்லாம், யாருக்குச் சந்தேகம் வரும்? இந்த யோசனைக்காக முதலாளி என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நானும் பெரிய கெட்டிக்காரன் என்று அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தேன், நேற்று நீ சிரித்த மாதிரியே.

இருபதாவது ஆளாக யாரைப் போடுவது என்ற கேள்வி வந்தது. வெளியாள் என்றால் என்றைக்காவது வாய் திறந்துவிடுவான். நம்ம ஆள் என்றால் பேசமாட்டான். அப்படித்தான் சவரியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு இருபது வயதிருக்கும். வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தான். மச்சான் வேலை வாங்கிக் கொடுத்தார் என்று தெருவெல்லாம் சொன்னான். ஆறேழு தடவை தண்டவாளம் அடித்திருப்பேன், ஆறேழு தடவையும் சிரித்துக்கொண்டே ஓடிப் போனான். அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது.

அன்றைக்கு இன்ஸ்பெக்டர் வழக்கமான தெருவில் வராமல் வேறு சந்து வழியாக வந்துவிட்டார். நான் பார்க்கும்போது பட்டறைக்கு நாலு வீடு தள்ளி வந்துகொண்டிருந்தார். பதறிப்போய் மூன்று தட்டு தட்டினேன். சவரி அந்த நேரம் தகரத்தை அச்சுக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டதும் வாசல் பக்கம் திரும்பினான். ஓட வேண்டும் என்று உடம்பு எழுந்துவிட்டது, கால் பெடல்மேல் இருந்தது, கை இன்னும் உள்ளே இருந்தது. அவன் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது, அந்தக் கத்தாத சத்தம். எங்கே கத்தினால் இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்துவிடுமோ என்று அந்த நேரத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தபோது நான் என் வேட்டியைக் கிழித்துச் சவரி கையில் சுற்றிக்கொண்டிருந்தேன். யார் இவர், இங்கே வேலை செய்கிறவரா என்று கேட்டார். நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் மேஸ்திரி வேலை, வாடகை, உன் பள்ளிக்கூடம், உன் அம்மா பிரசவம் எல்லாம் இருந்தது. உண்மையைச் சொன்னால் முதலாளி பட்டறையை இழுத்து மூடுவார், பத்தொன்பது குடும்பமும் என்னைத்தான் தூற்றும் என்று தோன்றியது. இப்படியெல்லாம் நியாயம் கற்பித்துக்கொள்ள எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பிரகாசு.

"என் மச்சான் சார். எனக்கு சாப்பாடு எடுத்தாந்தாரு. சும்மா மிஷினத் தொட்டுப் பாத்துட்டாரு."

அதைத்தான் சொன்னேன். இன்ஸ்பெக்டர் அதை எழுதி என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். கையில் சவரியின் ரத்தம் இருந்ததால் காகிதத்தில் பட்டுவிட்டது. அவர் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். நல்ல மனுஷர். மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய் சவரி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, நீங்கள் அங்கே வேலை பார்த்ததாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், புத்தகத்தில் பெயர் இல்லாவிட்டாலும் நான் போராடி வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மணிக்கட்டோடு கையை எடுத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. சவரி சொன்னது இதுதான்: "ஆமா சார், மச்சானுக்கு சாப்பாடு எடுத்துகினு போனேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நாங்கள் ஒரு மனுஷனையே சாப்பாட்டுக் கேரியரில் மறைத்துவிட்டோம். முதலாளி ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் பார்த்துக்கொள்கிறேன், சவரிக்கு வாட்ச்மேன் வேலை கொடுக்கிறேன், அவன் என் பிள்ளை மாதிரி என்றார். கொஞ்ச நாள் செய்தார். அப்புறம் பார்க்கப் போனால் வெளியே போயிருக்கிறார் என்று சொல்லியனுப்பினார்கள். பிறகு பட்டறையையே விற்றுவிட்டுப் போய்விட்டார். யாரிடம் போய்க் கேட்பது? வாயால் சொன்னதற்கு எந்த ஆபீஸில் மனு கொடுப்பது? சவரி பெயர் புத்தகத்தில் இருந்திருந்தால், கை போன அன்றிலிருந்து அவன் சாகிற வரைக்கும் மாசாமாசம் பணம் வந்திருக்கும். அவன் யார் தயவிலும் நிற்க வேண்டாம். இன்றைக்கு அவன் சினிமாக் கொட்டகை சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பார்த்திருந்த பெண்ணும் வேறு இடத்துக்குப் போய்விட்டது. உன் அம்மா அந்த வருஷம் முழுக்க எனக்குச் சோறு போட்டாள், என்னோடு பேசவில்லை. ஹார்பர் கிரேன் கதையைக் கட்டியது அவள்தான். என்னைக் காப்பாற்ற இல்லை. உன் அப்பனை நீ வெறுக்கக் கூடாது என்பதற்காக.

இதற்கு மேல்தான் எனக்குச் சொல்ல நாக்கு கூசுகிறது. நான் அந்தப் பட்டறையை விட்டுப் பெரிய கம்பெனியில் சேர்ந்ததும் எனக்கு இன்ஷூரன்ஸ் கார்டு வந்தது. மூன்றாவது வருஷமே எனக்கு நெஞ்சில் காசநோய். உனக்கு ஞாபகம் இருக்கும், ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஊசி, மாத்திரை, முட்டை, பால் எல்லாம் அவர்களே கொடுத்தார்கள். வீட்டுக்குப் பாதிச் சம்பளம் வந்தது. உன் படிப்பு நிற்கவில்லை. நான் அதுவரைக்கும் கட்டிய பணத்துக்கு ஒரு வாரத்து ஊசிகூட வாங்க முடியாது. அப்புறம் யார் பணம் அது? அந்த ஆறு மாதமும் இருமாமல், தும்மாமல் வேலைக்குப் போன ஆயிரக்கணக்கான பேர், எங்கோ அம்பத்தூரிலோ கிண்டியிலோ, என் பெயர்கூடத் தெரியாதவர்கள், சிவப்புத் தண்ணிக்கு எதற்குக் காசு என்று திட்டிக்கொண்டே கட்டிய பணம். பொய் சொன்ன நான் அந்தக் கட்டிலில் படுத்துப் பால் குடித்தேன். பொய்யால் கை இழந்தவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தான், ஒரு கையாலேயே உரித்துக் கொடுத்தான். நான் எப்படித் தின்றேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே புரியவில்லை.

நீ சொல்வது பொய்யில்லை. டிஸ்பென்சரியில் கூட்டம், கால் கடுக்க நிற்க வேண்டும், புட்டியை நாமே எடுத்துக்கொண்டு போக வேண்டும், எல்லா நோய்க்கும் ஒரே மிக்சர் மாதிரித்தான் இருக்கும். நானும் நின்று திட்டியவன்தான். ஆனால் ஒன்று யோசி. ஆரோக்கியமாக இருக்கிறவன் எல்லாம் எனக்கு எதற்கு என்று ஒதுங்கிவிட்டால் அங்கே நிற்பது நோயாளி மட்டும்தான். கொடுப்பவன் இல்லாத இடத்தில் வாங்குபவனுக்கு என்ன கிடைக்கும்? சிவப்புத் தண்ணிகூடக் கிடைக்காது. உள்ளே நின்றுகொண்டு நல்ல மருந்து எங்கே என்று சண்டை போடு, சங்கத்தில் பேசு, நானும் கூட வருகிறேன். வெளியே நிறுத்தப்பட்டவனுக்குத் திட்டுகிற உரிமைகூட இல்லை, பிரகாசு. முதலாளி கையைப் பார்த்து நிற்கிறவன் கும்பிடத்தான் முடியும்.

உன் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை, வேலை போனால் பெண் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது? நேற்றிலிருந்து நான் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மனசு, பேசாமல் இரு, பையன் கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறது. அதே மனசுதான் அன்றைக்கும் பிரசவம் முடியட்டும் என்று சொன்னது. முடியட்டும், முடியட்டும் என்று எனக்குப் பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. அந்த நெட்டுக்குப்பத்து ஆட்கள் இரண்டு பேருக்கும் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறாயா? அவர்கள் எந்த மிஷினில் நிற்கிறார்கள்? யாராவது கத்திச் சொன்னால் திரும்பிப் பார்க்கிற இடத்திலா?

உன்னைச் சண்டை போடச் சொல்லவில்லை. முதலாளியிடம் மரியாதையாகவே சொல், நான் கையெழுத்துப் போடுகிற புத்தகத்தில் வேலைக்கு வருகிற ஆளை எல்லாம் எழுதுவேன் என்று. ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அந்த மஸ்டர் உன் எழுத்தில் இருக்கிறது. நாளைக்கு ஏதாவது ஆனால், எனக்கு ஒன்றும் தெரியாது, கிளார்க்தான் எழுதினான் என்று சொல்ல அவருக்கு அரை நிமிஷம் ஆகாது. என் முதலாளியும் அப்படித்தான், அந்தக் காகிதத்தில் கையெழுத்து என்னுடையதுதான் இருந்தது, அவருடையது இல்லை. வேலை போனால் போகட்டும். ஸ்டெல்லா வீட்டுக்கு நான் நேரில் போய், என் பையன் எதற்காக வேலை இழந்தான் என்று சொல்கிறேன். அதற்கும் பெண் கொடுக்கமாட்டோம் என்றால், கொடுக்க வேண்டாம் என்று வந்துவிடுகிறேன்.

நேற்று நீ போன பிறகு குழாயடியில் சவரியிடம் போனேன். பையனிடம் நீயாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். பதினைந்து வருஷத்தில் அதைப் பற்றி நாங்கள் பேசியது இதுதான் முதல் தடவை. "நான் சொல்லி இன்னா ஆவப்போது மச்சான், நீ சொல்லு. உன் வாயால கேட்டாத்தான் நம்புவான்" என்றான். அப்புறம், கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் போடவேண்டிய மாலையை இடது கையால் போடலாமா, சாமியார் ஏதாவது சொல்வாரா என்று கேட்டான். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அவன் என்னைப் பார்க்காத மாதிரி குழாயைத் திறந்து மறுபடியும் கையை நனைத்தான்.

உன் அம்மா காலையிலேயே சங்கரா மீன் வாங்கிக் குழம்பு வைத்துவிட்டாள். தனி அறையில் இருக்கிற பிள்ளை மெஸ் சாப்பாடு சாப்பிட்டுக் காய்ந்து போகிறான் என்று புலம்புகிறாள். கேரியரில் போட்டாகிவிட்டது. இந்தக் கடிதத்தை மேல் தட்டுக்கு அடியில் மடித்து வைக்கிறேன். நான் கொண்டு வந்தால் வழியிலேயே பயந்துபோய் இதைக் கிழித்துப் போட்டாலும் போட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். சவரிதான் எடுத்துக்கொண்டு வருகிறான். கேட்டதும் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பி நிற்கிறான்.

பட்டறை வாசலில் அவனைப் பார்த்து யார் இவர் என்று யாராவது கேட்பார்கள். என் மாமா, எனக்குச் சாப்பாடு கொண்டு வந்திருக்கிறார் என்று நீ சொல்வாய். இன்றைக்கு அது உண்மையாகவே இருக்கும். அவனை உன் மேஜை பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவை. சோறு ஆறினாலும் பரவாயில்லை. முதலில் மஸ்டரைத் திறந்து, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இரண்டு பெயரையும் எழுது.

உன் நைனா